சிவப்புப் பாய்

ஜூன் 14

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள், மேடம். எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை. பரீட்சைக்கு எழுதியதைத் தவிர நானாக எதையும் எழுதியது கிடையாது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போகவில்லை. எழுத்து என்றால் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதோடு சரி. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் வகுப்பில் பார்த்ததை அப்படியே இந்த நோட்டில் எழுதி வெள்ளிக்கிழமைதோறும் உங்களிடம் கொடுக்கச் சொன்னீர்கள். இதில் சரி, தப்பு எதுவும் கிடையாது என்றும் சொன்னீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காமல் திருத்துங்கள்.

ஊரில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் கேட்டிருந்தீர்கள். நான் படித்த காலத்தில் இந்த வளாகம் முழுவதும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிதான். மூன்று வருடங்களுக்கு முன்பு சிமெண்ட் கம்பெனியின் அறக்கட்டளை அரசோடு ஒப்பந்தம் போட்டு, சாலையைப் பார்த்த கட்டடத்தை எடுத்துக்கொண்டது. நடுவில் கம்பி வேலி வந்தது. இரண்டு பக்கமும் ஒரே தெருக்களின் பிள்ளைகள்தான், இரண்டு பக்கமும் கட்டணம் கிடையாது. நம் பக்கத்தை 'கம்பெனி ஸ்கூல்' என்பார்கள், பின்பக்கத்தை 'பழைய ஸ்கூல்' என்பார்கள். நம் பக்கம் இங்கிலீஷ் மீடியம், இடம் கிடைக்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் மூன்றாம் வகுப்பில் என் அக்கா மகள் தன்ஷிகாவும் இருக்கிறாள். நான் அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். மே மாதக் குலுக்கலில் அவள் பெயர் வந்தபோது அக்கா குலுக்கல் நடந்த பந்தலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதற்காக நான் பாரபட்சம் காட்ட மாட்டேன். செப்டம்பரில் என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பிரின்சிபாலாக நீங்கள் முடிவு செய்யும்போது இந்த ஒரு விஷயத்தில் என்மேல் குறை வரக் கூடாது.

ஜூன் 18

இன்று தமிழ் வாசிப்பு நேரத்துக்குப் பாய்கள் விரித்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. நன்றாக வாசிப்பவர்கள் பச்சையில், எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் மஞ்சளில், திணறுபவர்கள் சிவப்பில். சிவப்புப் பாய் ஆசிரியரின் நாற்காலிக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்று நீங்கள் காட்டிக்கொடுத்தீர்கள். இதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் படித்த வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களைக் கடைசியில்தான் உட்கார வைப்பார்கள்.

ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். தன்ஷிகா நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். 'ற்ற' வரும் இடங்களில் நின்றுவிட்டாள். வேறு யாராவது சோதித்திருந்தால் மஞ்சளில் உட்கார வைத்திருப்பார்கள். நான் சிவப்பில் வைத்தேன். என் நாற்காலிக்கு நேர் எதிரே அவள்தான்.

பாயில் உட்காரும்போது "சித்தி" என்றாள். வகுப்பில் 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தலையாட்டினாள்.

ஜூன் 19

காலை முழுவதும் ஷூ லேஸ் கட்டிவிட்டதில் போய்விட்டது. யாருக்கும் கட்டத் தெரியவில்லை. எனக்கும் நேற்றுதான் தெரிந்தது.

ஜூன் 24

வீட்டில் நடந்ததை எழுதலாமா என்று தெரியவில்லை. பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

சிவப்பு என்றால் என்ன என்று அக்கா கேட்டாள். அவள் பெயர் செல்வராணி. பத்தாவதோடு நின்று ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவள். அவள் போனதால்தான் நான் படித்தேன். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள், அதனால் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அப்ப செவப்புன்னா ஒன் கண்ணு முன்னாடியே இருப்பாளா?"

"ஆமாக்கா. அவங்களுக்குத்தான் கூடுதலா சொல்லித்தருவோம்."

"பின்ன என்னடி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நல்லதுதான?"

மறுநாள் குழாயடியில் அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், சிவப்புப் பாய் கிடைத்தால் டீச்சர் பக்கத்திலேயே இருக்கலாமாம் என்று. ராசகுமாரி என்ற அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அவர் மகன் சர்வேஷ் மஞ்சளில் இருக்கிறான்.

ஜூலை 3

விளையாட்டுத் திடலின் சாவி இரண்டு பள்ளிக்கும் பொது. அதை வாங்க வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். போன வருடம் நான் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்த இடம் அது. தலைமையாசிரியர் அந்தோணிசாமி சார் மரத்தடியில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தார்.

"வாம்மா கம்பெனி. சாவியா, தாராளமா எடுத்துக்க. எங்க பந்து போன வருசமே காத்து எறங்கி ரிட்டையர் ஆயிருச்சு" என்றார்.

அங்கே ஒரு வகுப்பறையின் ஓடு போன மழைக்கு இறங்கியது, இன்னும் சரிசெய்யப்படவில்லை. பெண்பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ஒரே தெரு புள்ளைங்கதான். வேலிக்கு அந்தப் பக்கம் போனா புள்ளைக்கு ரெண்டு அப்பன். கவருமெண்டு ஒண்ணு, கம்பெனி ஒண்ணு. எங்க புள்ளைக்கு ஒரே அப்பன். அவனும் ஒழுங்கா வீட்டுக்கு வர்றதில்ல."

அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஜூலை 12

கம்பெனியிலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். பச்சைப் பாய்ப் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். மஞ்சள் பாய்ப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். நீங்கள் சொன்னபடி சிவப்புப் பாய்ப் பிள்ளைகளை அந்த நேரம் பின்னால் உள்ள அறைக்கு அனுப்பி விளையாட விட்டோம். அவர்களுக்கு மகிழ்ச்சிதான். தன்ஷிகா மட்டும் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பயிற்சி செய்த பாட்டு என்பதால் இருக்கும்.

விருந்தினர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிவப்புப் பாய்க்காரர்களுக்கும் பிறகு கொடுத்தோம்.

ஜூலை 22

சர்வேஷைப் பற்றி எழுத வேண்டும். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஆனால் கண்ணில் படும் எதையும் வாசித்துவிடுவான். வடை சுற்றிவந்த பேப்பர், பஸ் பலகை, தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் விதிமுறைகள்கூட. இன்று இடைவேளையில் என் சேலையின் கடை முத்திரையை வாசித்துவிட்டு, "மிஸ், இது ஆடித் தள்ளுபடியில எடுத்ததா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எங்கம்மாவும் அதுலதான் எடுப்பாங்க" என்றான். சீக்கிரம் அவனைப் பச்சைப் பாய்க்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

அவன் அம்மா ராசகுமாரி முந்திரி உடைக்கப் போகிறவர். கையெல்லாம் முந்திரிக் கொட்டையின் பால் பட்டுக் கறுத்திருக்கும். அதனால் பெற்றோர் கூட்டத்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பேசுகிறார். அப்பா இல்லை.

தன்ஷிகா முன்னேறியிருக்கிறாள். இன்று ஒரு பக்கம் வாசித்தாள். 'ற்ற' வந்த இடத்தில் நின்று, என் வாயைப் பார்த்து, தானே சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 1

இன்று தலைக்கணக்கு நாள். இன்று எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ, அந்தப் பள்ளிக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு அரசு தரும் வருடப் பணம் என்று நேற்று கூட்டத்தில் விளக்கினீர்கள். ஒருவர்கூட விடுப்பில் இருக்கக் கூடாது என்றீர்கள்.

தன்ஷிகாவுக்கு இரவிலிருந்து காய்ச்சல். அக்கா அனுப்ப வேண்டாம் என்றிருந்தாள். காலையில் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "ஒரு புள்ளைக்காக வண்டிய அனுப்புறாங்க பாருடி" என்று சொல்லிக்கொண்டே சுவெட்டர் போட்டுவிட்டாள். வேன் தெருவில் திரும்பும்வரை வாசலில் நின்றாள், மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதுபோல.

அதிகாரி வர நண்பகல் ஆகிவிட்டது. அதுவரை சிவப்புப் பாயில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தேன். பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்கினாள். அதிகாரி எழுதிக்கொண்டார், காபி குடித்தார், கிளம்பினார். அதன்பிறகு வேன் வேறு வேலையாகப் போயிருந்தது. பள்ளி விட்டதும் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். தோளில் நெருப்பு மாதிரி கொதித்தாள். "சித்தி, நா கரெக்டா கையத் தூக்குனனா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 6

இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எதையும் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தோணிசாமி சார் சத்துணவுக்கான தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் எத்தன புள்ளைங்கள இங்க தள்ளிவிடப் போறீங்கன்னு இப்பவே சொல்லிட்டா நல்லாருக்கும். முட்டைக்கு எழுதிப் போடலாம். எழுதுனாலும் வராது, அது வேற விசயம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்குற பாரு. போன வருசம் நீ இங்கதான இருந்த? செப்டம்பர்ல புதுசா வந்து ஒக்காந்தாங்களே, வானத்துலேருந்தா வந்தாங்க?"

இங்கிலீஷ் வராமல் அவர்களாகவே மாறி வந்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படித்தான் பெற்றோர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எண்ணி முடிச்சாச்சு. காசு அங்க எறங்கிருச்சு. இனிமே பரீச்சையில மார்க்க எறக்குற புள்ளைங்க எதுக்கு? நீ செவப்புப் பாய் விரிச்சிருக்கேல்ல, அதுல உள்ளதுங்கள எழுப்பி இங்க அனுப்புவாங்க. பாய வச்சிக்குவாங்க."

பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, காய்ச்சல் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கேலி பேசுகிறவர்தான்.

ஆகஸ்ட் 7

மழை. பாடங்கள் வழக்கம்போல் நடந்தன.

ஆகஸ்ட் 9

பாய்களில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். தன்ஷிகாவுக்குப் பலகை மிக அருகில் இருப்பதால் கண் கூசுகிறது என்று தெரிந்தது. மேலும் அவள் வாசிப்பு இப்போது மஞ்சளுக்குப் பொருத்தமாக இருக்கிறது. அதனால் மஞ்சளுக்கு மாற்றினேன். ஒரு பாயில் இத்தனை பேர்தான் என்று நீங்கள் வரையறுத்திருப்பதால், மஞ்சளிலிருந்து ஒருவர் சிவப்புக்கு வர வேண்டியிருந்தது. சர்வேஷின் கையெழுத்து மோசமாக இருப்பதை முன்பே குறிப்பிட்டிருக்கிறேன். அவனுக்கு அருகிலிருந்து பயிற்சி தேவை.

அவன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "மிஸ், நான் எதாச்சும் தப்பா படிச்சிட்டனா?" என்றான். இல்லை, எழுத்தைச் சரி செய்யத்தான் என்றேன். "அப்ப நல்லா எழுதுனா திரும்பி அங்க போயிரலாமா?" என்றான். போகலாம் என்றேன்.

மாலையில் ராசகுமாரி குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கறுத்த கையை மறைக்கவில்லை. மகனுக்கும் சிவப்புப் பாய் கிடைத்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12

நோட்டு திரும்பி வந்தது. ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் இரண்டு பெயர்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். வேறு ஒன்றும் எழுதவில்லை.

சர்வேஷ் நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இரண்டு கோடு நோட்டு ஒன்றை எழுதி நிரப்பிக்கொண்டு வந்திருந்தான்.

ஆகஸ்ட் 20

இன்று உங்கள் அறையில் பேசியதை எழுதச் சொன்னீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பதற்காக.

எனக்கு இஞ்சி டீ வரவழைத்தீர்கள். இதுவரை இந்தப் பள்ளியில் யாரும் எழுதியதிலேயே என் குறிப்புகள்தான் நேர்மையானவை என்றீர்கள். அடுத்த மாதத்திலிருந்து கம்பெனி தரும் தேர்வுகள் வருகின்றன, வகுப்பின் சராசரி அவர்கள் சொல்லும் இடத்தைத் தொட்டால்தான் அடுத்த வருடம் அவர்கள் பங்கு வரும், அது வராவிட்டால் மொத்தப் பிள்ளைகளுக்கும் இந்தப் பள்ளி இருக்காது என்று விளக்கினீர்கள். எனக்குப் புரிந்தது.

"நாம யாரையும் வெளிய அனுப்பல சங்கவி. அவங்க வேகத்துக்கு ஏத்த எடத்துக்கு மாத்திவிடறோம். இது அவங்களுக்குச் செய்யற நல்லதுதான்" என்றீர்கள்.

சிவப்புப் பாயில் இருப்பவர்கள் எல்லோருமா என்று கேட்டேன். ஆமாம் என்றீர்கள். அந்தப் பிள்ளைகளின் பணமும் அவர்களோடு போகுமா என்று கேட்டேன். தலைக்கணக்கு முடிந்த பிறகு அதை மாற்ற விதியில் இடமில்லை என்றீர்கள். வருத்தமாகத்தான் சொன்னீர்கள்.

பிறகு நோட்டை எடுத்து ஜூன் 18 பக்கத்தைத் திறந்தீர்கள். தன்ஷிகாவை நான் முதலில் சிவப்பில்தான் வைத்திருந்தேன், பாரபட்சம் பார்க்க மாட்டேன் என்று நானே எழுதியிருக்கிறேன், அந்த முதல் மதிப்பீட்டைத்தான் நம்புவதாகச் சொன்னீர்கள். வேறு யாராவது என்றால் மஞ்சளில் வைத்திருப்பார்கள் என்று நான் எழுதிய வரியை வாசித்துக் காட்டினீர்கள். அவள் இப்போது ஒரு பக்கம் நிற்காமல் வாசிக்கிறாள் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சித்தியாகப் பேசுகிறேனா டீச்சராகப் பேசுகிறேனா என்று கேட்டீர்கள்.

அப்படியானால் சர்வேஷை மஞ்சளுக்குத் திருப்பிவிடலாமா என்றேன்.

"ஏன்? கையெழுத்து சரியில்ல, பக்கத்துலேருந்து பயிற்சி வேணும்னு எழுதினது நீங்கதானே. ரெண்டு மதிப்பீட்டையும் நான் நம்பறேன்" என்றீர்கள்.

மாறிப் போவதாகப் பெற்றோர்கள் தங்கள் விருப்பத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நான் வாங்கி வந்தால் நல்லது என்றீர்கள். "நாங்க போனா பயப்படுவாங்க. நீங்க அவங்க தெருப் பொண்ணு, சொன்னா கேப்பாங்க." என் நிரந்தர ஆணை தட்டச்சாகிவிட்டது, படிவங்கள் எல்லாம் வந்ததும் தேதி போட வேண்டியதுதான் என்று அதையும் காட்டினீர்கள். என் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று இருந்தது. நன்றாக அச்சாகியிருந்தது.

சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 27

நேற்றும் இன்றும் வீடுகளுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள். ஒரு வீட்டில் நாற்காலி இல்லாததால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தார்கள். எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள், என்னை அரைப் பாவாடையோடு பார்த்தவர்கள்கூட.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் பேசினேன். பிள்ளைக்கு இங்கே அழுத்தம் அதிகம், அங்கே தமிழில் நிதானமாகப் படிக்கலாம், மனம் வாடாது. ஒருவர், "பீஸ் எதுவும் பாக்கியா டீச்சர், அத வேணா கட்டிடறோம்" என்றார். இன்னொருவர் தன் மகனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே அடித்தார். நான் பிடித்து நிறுத்துவதற்குள் மூன்று அடி விழுந்துவிட்டது. யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ராசகுமாரி வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். முந்திரி வறுத்துக் கொடுத்தார். மற்ற வீடுகளில் சொன்னதையே அங்கேயும் சொன்னேன்.

"செவப்புப் பாயிலதான வச்சிருந்தீங்க, அப்பறம் ஏன் படிப்பு வரல அவனுக்கு?" என்றார்.

சில பிள்ளைகளுக்கு நேரமாகும் என்றேன்.

"நீங்க எவ்வளவு பாடுபட்டிருப்பீங்க. அந்தக் கழுதைக்குக் குடுத்துவைக்கல" என்று சொல்லிவிட்டுப் பெருவிரலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தார். கையெழுத்தே போடலாம் என்றேன். தெரியாது என்றார். விரலில் முந்திரிப் பால் பட்டு ரேகை தேய்ந்திருந்ததால் இரண்டு முறை வைக்க வேண்டியிருந்தது. சர்வேஷ் பக்கத்தில் நின்று படிவத்தை மேலிருந்து கீழே வரை சத்தமாக வாசித்தான், திணறாமல். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தையும் வாசித்தான். அம்மா அவனைப் பார்த்து, "பாத்தீங்களா டீச்சர், இப்படித்தான் கண்டதையும் படிப்பான், பாடத்தப் படிக்க மாட்டான்" என்றார்.

செப்டம்பர் 3

இன்று காலை அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். தன்ஷிகாவின் படிவம் இன்னும் வராததால் அவள் மட்டும் மஞ்சள் பாயில் இருக்கிறாள்.

சீருடை, ஷூ, பை எல்லாம் அறக்கட்டளைச் சொத்து என்பதால் திருப்பி வாங்கினோம். தண்ணீர் பாட்டிலை விருந்தினர்கள் கொடுத்ததால் வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். ஷூக்களை அளவுப்படி அடுக்கினேன். சின்ன அளவில் இரண்டு ஜோடியின் அடிப்பாகம் இன்னும் தேயவே இல்லை. அடுத்த வருடத்துக்கு ஆகும்.

வேலிக் கதவு வரை நான் கூட்டிக்கொண்டு போனேன். வெறுங்காலோடு, வீட்டுத் துணியில், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வரிசையில் நடக்க நாம்தான் பழக்கியிருக்கிறோம், நன்றாக நடந்தார்கள். அந்தோணிசாமி சார் கதவைத் திறந்துவிட்டார். என்னிடம் எதுவும் கேலி பேசவில்லை. எப்போதும் பேசுகிறவர், இன்று என்னைப் பார்க்கவே இல்லை. "வாங்க சார், வாங்க மேடம்" என்று பிள்ளைகளை மட்டும் வரவேற்றார்.

மதியம் வேலியோரம் போனபோது சத்துணவு சமைக்கும் காந்திமதி அக்கா முட்டைகளை நூலால் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தார். தலைக்கணக்கு நாளில் அங்கே பதிவானவர்களின் எண்ணிக்கைக்குத்தான் முட்டை வரும். புதிதாக வந்தவர்களுக்கு வராது. அதனால் எல்லோருக்கும் பாதி. பழைய பிள்ளைகள் நம் பிள்ளைகளைப் பார்த்து, "கம்பெனி வந்துருச்சு, முட்டை போயிருச்சு" என்று பாட்டாகவே பாடினார்கள். சர்வேஷும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன்னைப் பற்றிய பாட்டு என்று புரிந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு முட்டையைப் பக்கத்துப் பையனின் தட்டில் வைத்துவிட்டான்.

செப்டம்பர் 4

முதல் தேர்வு நடந்தது. வகுப்பின் சராசரி நன்றாக வந்திருக்கிறது. வாழ்த்துகள் என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். நன்றி, மேடம்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜா கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அக்கா கேசரி கிளறி வைத்திருந்தாள். என் ஆணை தயாராகிவிட்டது என்று வேன் டிரைவர் சொல்லிவிட்டாராம். "நம்ம வம்சத்துலயே மொத ஆர்டர்டி. வந்ததும் அத பிரேம் போட்டு மாட்டணும்" என்றாள். லாரி ஓட்டப் போயிருக்கும் அத்தான் போனில் பேசி வாழ்த்தினார்.

சாப்பிடும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள், சிவப்புப் பாயில் இருந்த பிள்ளைகளை எல்லாம் பழைய ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டார்களாமே என்று. ஆமாம் என்றேன்.

"நல்லவேள, நீ இருந்து இவள மஞ்சளுக்கு மாத்திட்ட. இல்லன்னா எம்புள்ளையும் அந்தக் கதவில்லாத கக்கூசுக்குத்தான போயிருக்கணும்" என்றாள். என் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். "ராசகுமாரி பாவம், அழுதுகிட்டே இருக்கா. ஆனா ஒன்ன ஒரு வார்த்த கொற சொல்லல."

தன்ஷிகா பக்கத்தில் உட்கார்ந்து, கேசரிக்கு வாங்கிய முந்திரியின் கவரை வாசித்துக்கொண்டிருந்தாள். காற்றுப் புகாத இடத்தில் வைக்கவும். 'ற்று' வந்த இடத்தில் நிற்கவில்லை.

செப்டம்பர் 6

இன்று வெள்ளிக்கிழமை. நோட்டின் கடைசிப் பக்கங்கள் இவை. இதைக் கொடுத்த பிறகு மீண்டும் எழுதத் தேவையிருக்காது என்று நினைக்கிறேன்.

மற்ற எல்லாப் படிவங்களும் உங்கள் மேசையில் இருக்கின்றன. ஒன்று மட்டும் பத்து நாட்களாக என் கைப்பையில் இருக்கிறது. அதில் பெயர், வகுப்பு, காரணம் எல்லாம் நிரப்பிவிட்டேன். காரணத்தில் மற்றவர்களுக்கு எழுதியதையேதான் எழுதியிருக்கிறேன். நேற்று நீங்கள் அழைத்து, "இன்னும் ஒண்ணு வரணுமே" என்று மட்டும் சொன்னீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆணையில் தேதி போட வேண்டும் என்றீர்கள்.

தன்ஷிகாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதை உங்கள் அறையிலேயே கேட்டுவிட்டேன். சர்வேஷைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நான் எழுதியது ஏன் என்று உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும். வட்டம் போட்டிருந்தீர்களே. வேலையும் வேண்டாம் என்று சொல்லலாம் என இரண்டு நாட்களாக எழுதி எழுதிக் கிழித்தேன். சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. அக்கா மில்லுக்குப் போனதற்கு இந்த ஆணை ஒன்றுதான் வந்திருக்கிறது.

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அக்கா பாத்திரத்தைத் துலக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்னடி, கையெழுத்தா? எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்துவிட்டாள். எதற்கென்று கேட்கவில்லை. படிக்கத் தெரிந்தவள்தான், மேடம், பத்தாவதில் தமிழில் நல்ல மார்க். என் காகிதம் எதையும் அவள் படித்துப் பார்த்ததில்லை. கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கடன், எல்லாவற்றிலும் நான் விரலால் காட்டிய இடத்தில் போட்டிருக்கிறாள். அப்பா இறந்த பிறகு காப்பாளர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துத்தான்.

இது இல்லை, வேறு தாள் என்று சொல்லி எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மற்ற வீடுகளுக்கெல்லாம் நான் போனேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இனி அடுத்த வருடமும் போகச் சொன்னால் போவேன். நான் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை, இதைக் கேட்பதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். படிவத்தை இந்தப் பக்கத்தோடு குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். நாளை சனிக்கிழமை, அக்கா வீட்டில்தான் இருப்பாள். நான் காலையிலேயே ஏதாவது சொல்லி வெளியே போய்விடுகிறேன்.

நான் கேட்டால் அவள் வாசிக்காமல் போட்டுவிடுவாள். எங்கள் அக்காவிடம் மட்டும் நீங்கள் போங்கள், மேடம். அவளை வாசிக்க வைத்து, அதன் பிறகு வாங்குங்கள்.